டேட்டாபேஸை எங்கே குடிவைப்பது: இரும்பிலா, வி.எம்.மிலா?

"புரொடக்‌ஷன் டேட்டாபேஸை வி.எம்.ல ஓட்டலாமா சார், இல்ல தனி சர்வரே வாங்கிரவா?"

வருஷத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் "தனி சர்வர்தான், யோசிக்கவே வேண்டாம்" என்று சொல்லியிருப்பேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் "தாராளமா வி.எம்.ல போடுங்க, காலம் மாறிட்டு" என்று சொன்னேன், பலரிடம் சொன்னேன். இப்போது பதில் சொல்வதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்க ஹார்ட் டிஸ்க் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுத்தும்?

கேட்பவர்கள் விழிக்கிறார்கள். அந்தக் கேள்வி எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

நாகர்கோவிலைச் சுற்றி ஆறு கிளைகள் உள்ள ஒரு நகைக்கடன் நிறுவனம். பெயர் வேண்டாம். அவர்களுடைய மென்பொருளை நானும் நண்பர் ஒருவரும் பல வருஷமாகப் பார்த்துக்கொள்கிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். தலைமை அலுவலகத்தில் ஒரு டவர் சர்வர், அதில் 7200 ஆர்.பி.எம். டிஸ்க் இரண்டு, ஒன்றுக்கொன்று மிரர். டிஸ்கின் உள்ளே இருக்கும் கேஷை அணைத்து வைத்திருந்தோம். அது வயசாகிவிட்டதால் புது சர்வர் ஒன்று வாங்கி, அதில் பிராக்ஸ்மாக்ஸ் போட்டு, டேட்டாபேஸ், அதன் ஸ்டாண்ட்பை, பைல் சர்வர், வருகைப்பதிவு என எல்லாவற்றையும் வி.எம்.களாக மாற்றினோம். செலவைக் குறைக்க டிஸ்க் மட்டும் அதே பழைய வகை, 7200 ஆர்.பி.எம்.

மாற்றிய அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். சாயங்காலம் கடை அடைக்கும்போது சுமார் 9000 கடன்களுக்கும் வட்டி போடும் வேலை ஒன்று ஓடும். ஒவ்வொரு கடனையும் தனித்தனியாக கமிட் செய்யும்படி நாங்கள் எழுதிவைத்திருந்தோம். அழகான நிரல் என்று சொல்ல மாட்டேன். பழைய சர்வரில் அதற்கு ஒன்றரை நிமிஷம் ஆகும். புது வி.எம்.மில் ஐந்து விநாடியில் முடிந்தது. முதலாளி, "தம்பி, வாங்கின காசு வசூலாயிட்டு பாத்துக்கிடுங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

தலையாட்டாமல் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டிருக்க வேண்டும். அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம்.

ஐப்பசி மழைக் காலம். சாயங்காலம் ஐந்து மணி வாக்கில் இடி, கரன்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி பத்து நிமிஷம் தாங்கும் என்று நம்பியிருந்தோம், ஒரு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. சர்வர் அணைந்தது. கரன்ட் வந்தபின் பார்த்தால் முதன்மை டேட்டாபேஸ் எழும்பவே இல்லை. சரியான செக்பாயின்ட் பதிவைக் காணோம் என்று ஒரே பல்லவி. ஸ்டாண்ட்பை எழும்பியது. அதை முதன்மையாக உயர்த்தி, மறுநாள் காலை கடை திறந்தாயிற்று. இதற்குத்தானே ஸ்டாண்ட்பை வைப்பது என்று தோளைத் தட்டிக்கொண்டோம்.

ஒன்பது நாள் கழித்து ஒரு கிளையிலிருந்து ஒரு பெண்மணிக்கு வட்டி பாக்கி என்று போன் போயிருக்கிறது. அவர் நேரே கவுன்டருக்கு வந்துவிட்டார். "நான் ரூவாயும் அடச்சு நகையையும் திருப்பியாச்சே, பொறவு என்ன வட்டி?" கையில் ரசீது. கம்ப்யூட்டரில் கடன் நிலுவையில் இருக்கிறது. அதைவிட மோசம், அவர் கையில் இருந்த ரசீதின் எண் கம்ப்யூட்டரில் வேறொருவர் பெயரில் இருந்தது. ரசீது எண் இடைவெளி இல்லாமல் வர வேண்டும் என்று ஆடிட்டர் சொன்னதால் கடைசி எண்ணோடு ஒன்று கூட்டித்தான் அடுத்ததைப் போடுவோம். கடைசி ரசீதுகள் மறைந்துவிட்டதால் அதே எண்கள் மறுநாள் வேறு ஆட்களுக்குப் போயிருக்கின்றன. கிளையில் இருந்த இளைஞர் அந்த அம்மாவைப் பார்த்த பார்வையை எனக்குப் பிறகு ஒருவர் சொன்னார். ரசீது போலியோ என்ற பார்வை. கம்ப்யூட்டரை யாரும் சந்தேகிக்கவில்லை.

காப்பாற்றியது கவுன்டரில் இருபது வருஷமாக உட்கார்ந்திருக்கும் ஒரு அக்காவின் சிட்டை. கம்ப்யூட்டர் வந்த பின்னும் அவர் ஒரு நீளநோட்டில் ஒவ்வொரு வரவையும் வந்த வரிசையில் பென்சிலால் எழுதிவருகிறார். "இது எதுக்கு அக்கா, இரட்டை வேலை" என்று நானே கிண்டல் செய்திருக்கிறேன். அதில் அந்தத் தேதியில், அந்தத் தொகை, அந்தக் கடன் எண், "உருப்படி கொடுத்தாச்சு" என்ற குறிப்போடு இருந்தது. ஆறு கிளைகளிலும் தேடினோம். மொத்தம் மூன்று ரசீதுகள் காணாமல் போயிருந்தன. மூன்றும் கரன்ட் போவதற்கு முந்தைய அரை நிமிஷத்துக்குள் போட்டவை.

இங்கேதான் விஷயம் ஆரம்பிக்கிறது. போஸ்ட்கிரெஸ் மாதிரியான டேட்டாபேஸ் ஒரு வாக்கு கொடுக்கிறது: "கமிட் ஆயிற்று" என்று நான் சொல்லிவிட்டால், அடுத்த நொடியே கரன்ட் போனாலும் அது இருக்கும். இந்த வாக்கைக் காப்பாற்ற அது செய்வது அக்கா செய்வதைத்தான். பழைய கணக்குமுறை தெரிந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். வரவு வந்ததும் முதலில் சிட்டையில் ஒரு வரி. பேரேட்டில் அந்தந்த ஆளின் பக்கத்தைத் தேடி ஏற்றுவது ஓய்வாக, ராத்திரி. நடுவில் என்ன ஆனாலும் சிட்டை இருந்தால் பேரேட்டை மறுபடி எழுதிவிடலாம். டேட்டாபேஸில் சிட்டைக்கு வால் என்று பெயர், முன்னெழுத்துப் பதிவு. பேரேடு என்பது டேபிள்கள். கமிட் என்றால் சிட்டையில் மை காய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

மை காய்ந்ததா என்று டேட்டாபேஸ் எப்படித் தெரிந்துகொள்ளும்? இயங்குதளத்திடம் எஃப்சிங்க் என்று ஒரு கோரிக்கை வைக்கும்: "இந்த ஃபைலுக்கு நான் எழுதியதெல்லாம் டிஸ்கில் போய்ச் சேரும்வரை எனக்குப் பதில் சொல்லாதே." பதில் வந்த பிறகுதான் ரசீது அச்சாகும். ஆக மொத்த நம்பிக்கையும் அந்த ஒரு பதிலில் இருக்கிறது.

இப்போது வகுத்தல் கணக்கு. 7200 ஆர்.பி.எம். டிஸ்க் விநாடிக்கு 120 முறை சுற்றும். சிட்டையின் வால்முனையில் ஒரு வரி எழுதி, காய்ந்ததா என்று காத்திருந்து, அடுத்த வரியை எழுத வேண்டுமென்றால் அந்த இடம் மறுபடி எழுதுமுனைக்குக் கீழே வர ஒரு சுற்று ஆக வேண்டும். ஒரே ஆள் ஒன்றன்பின் ஒன்றாக கமிட் செய்தால் விநாடிக்கு ஏறக்குறைய 120-க்கு மேல் போக வழியே இல்லை. 9000 கமிட்டை 120-ஆல் வகுத்தால் 75 விநாடி. பழைய சர்வரின் ஒன்றரை நிமிஷம் நியாயமான எண். புது வி.எம். ஐந்து விநாடியில் முடித்தது என்றால் விநாடிக்கு 1800 கமிட். டிஸ்க் அதே டிஸ்க். அப்படியென்றால் நடுவில் யாரோ மை காயாமலே "காய்ந்துவிட்டது" என்று சொல்கிறார்கள்.

சொன்னது ஹைப்பர்வைசர். சொல்லச் சொன்னது நான். பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு மெய்நிகர் டிஸ்குக்கும் கேஷ் முறை என்று ஒரு தேர்வு உண்டு. எதையும் தொடாவிட்டால் 'கேஷ் இல்லை' என்றிருக்கும். பட்டியலில் 'ரைட் பேக், அன்சேஃப்' என்று ஒன்று. அதைப் போட்டால் வி.எம். உள்ளிருந்து வரும் "டிஸ்கில் தள்ளு" என்ற கோரிக்கைகளை கியூஎம்யூ கண்டுகொள்ளாது. எழுதியது அடியில் இருக்கும் சர்வரின் ரேமில் கிடக்கும். லினக்ஸ் கெர்னல் வழக்கமாக முப்பது விநாடி வயதான பக்கங்களைத்தான் டிஸ்குக்குத் தள்ளும், அதுவும் தனக்குத் தோன்றிய வரிசையில். பழைய டேட்டாவைப் புது வி.எம்.மில் ஏற்றும்போது சீக்கிரம் முடியட்டும் என்று அந்தத் தேர்வை நான் போட்டேன். ஏற்றி முடித்ததும் மாற்ற மறந்தேன். ஸ்டாண்ட்பை அதே வி.எம்.மின் நகல், அதனால் அதிலும் அதே. முதன்மையில் சிட்டையும் பேரேடும் வரிசை மாறி டிஸ்குக்குப் போயிருந்ததால் எழும்பவில்லை. ஸ்டாண்ட்பையில் அதிர்ஷ்டவசமாக வால் மட்டும் அறுந்திருந்தது. அரை நிமிஷ வால். பெயரிலேயே 'பாதுகாப்பற்றது' என்று எழுதியிருந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டு மழையைக் குற்றம் சொல்ல முடியாது.

"அப்போ வி.எம். வேண்டாம்னுதானே சொல்லுதீங்க?" என்று நண்பர் கேட்டார். அவசரப்பட வேண்டாம். வேகத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், ஆனால் இந்த விவாதத்தில் வேகம் ஏறத்தாழ முடிந்துபோன விஷயம். எப்படி முடிந்தது என்பதைத் தெரிந்துகொண்டால் நல்லது, ஏனென்றால் பழைய ஆட்களின் பயத்துக்குக் காரணம் இருந்தது.

மெய்நிகர் இயந்திரம் புதுசு இல்லை. ஐபிஎம் 1960களின் கடைசியிலேயே கேம்பிரிட்ஜ் ஆய்வுக்கூடத்தில் ஒரு பெரிய இயந்திரத்தைப் பல இயந்திரங்களாகக் காட்டும் மென்பொருளைச் செய்துவிட்டது. 1972-இல் அது வி.எம்./370 என்று விற்பனைக்கு வந்தது. 1974-இல் போபெக், கோல்ட்பர்க் இருவரும் எந்த மாதிரி ப்ராசஸரை இப்படி மெய்நிகராக்க முடியும் என்று ஒரு கட்டுரையில் இலக்கணம் வகுத்தார்கள். நம் மேசையில் இருக்கும் இன்டெல் வகை ப்ராசஸர் அந்த இலக்கணத்தில் தேறாது. பென்டியத்தில் 17 கட்டளைகள் இலக்கணத்தை மீறுகின்றன என்று 2000-இல் ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. 1998-இல் தொடங்கிய விஎம்வேர், அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மொழிபெயர்த்து இந்தத் தடையைத் தாண்டியது. 2005-இல் இன்டெலும் 2006-இல் ஏஎம்டியும் ப்ராசஸருக்குள்ளேயே இதற்கு வசதி செய்தன.

டேட்டாபேஸுக்கு அதுவும் போதவில்லை. பிரச்சினை ரேமில் இருந்தது. வி.எம்.மின் உள்ளே இருக்கும் இயங்குதளம் தன்னிடம் உள்ள முகவரிப் பட்டியலை ஒவ்வொரு முறை திருத்தும்போதும் ஹைப்பர்வைசர் குறுக்கே வந்து தன் நிழல் பட்டியலையும் திருத்த வேண்டியிருந்தது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு புதுப் ப்ராசஸ் தொடங்கும், ஆரக்கிளும் லினக்ஸில் அப்படித்தான். நூறு இணைப்பு, நூறு பட்டியல். அந்தக் காலத்தில் டேட்டாபேஸை வி.எம்.மில் போட்டவர்கள் சூடுபட்டுக்கொண்டது இதனால்தான். 2007-இல் ஏஎம்டியும் 2008-இல் இன்டெலும் இரண்டடுக்கு முகவரிப் பட்டியலை ப்ராசஸரே படிக்கும்படி செய்த பிறகு அந்தத் தொல்லை போனது. ஒரு விலை பாக்கி இருக்கிறது: நாலு எட்டில் கிடைக்கும் முகவரிக்கு, இரண்டடுக்கில் அதிகபட்சம் 24 எட்டு வைக்க வேண்டும். பெரிய பக்கங்களை, ஹியூஜ் பேஜஸ், இரண்டு அடுக்கிலும் போட்டுவிட்டால் இதுவும் பெரும்பாலும் கரைந்துவிடும்.

ஆகவே இன்றைக்கு ஒழுங்காக அமைத்த வி.எம்.மில் டேட்டாபேஸ் கொஞ்சம் மெதுவாக ஓடலாம், அந்தக் கொஞ்சத்துக்காகத் தனி சர்வர் வாங்க வேண்டிய ஆட்கள் குறைவு. கேட்க வேண்டியது வேறு. இயங்குதளம் டேட்டாபேஸிடம் சொல்லும் ஒவ்வொரு பதிலும் எங்கிருந்து வருகிறது? தனி சர்வரில் அந்தச் சங்கிலி குட்டை. வி.எம்.மில் ஒவ்வொரு விஷயத்துக்கும் நடுவில் இன்னொருவர் நிற்கிறார். டிஸ்க் விஷயத்தில் அவர் என்ன செய்ய முடியும் என்று பார்த்துவிட்டோம். ரேமிலும் நேரத்திலும் என்ன செய்கிறார்?

ரேம். "உனக்கு 32 ஜிபி" என்று வி.எம்.மிடம் சொல்லிவிட்டு, அடியில் அவ்வளவு இல்லாமலே சமாளிக்க ஹைப்பர்வைசருக்குத் தெரியும். வி.எம்.முக்குள் ஒரு பலூனை ஊதி, அங்கிருக்கும் இயங்குதளத்தையே ரேமை விட்டுக்கொடுக்க வைக்கும் உத்தியை விஎம்வேரின் கார்ல் வால்ட்ஸ்பர்கர் 2002-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். படிக்க அருமையான கட்டுரை. வெப் சர்வர்களுக்கு அருமையான உத்தி. டேட்டாபேஸுக்கு ஆகாது. டேட்டாபேஸ் தனக்குக் கொடுத்த ரேமை முழுசாக எடுத்து அடிக்கடி தேவைப்படும் பக்கங்களை அதில் வைத்திருக்கும். ரேமில் இருக்கிறது என்று அது நம்பும் பக்கத்தை ஹைப்பர்வைசர் ரகசியமாக டிஸ்கில் ஒதுக்கியிருந்தால், மைக்ரோவிநாடிக்கும் குறைவான வேலை மில்லிவிநாடிகள் எடுக்கும். உள்ளிருந்து பார்த்தால் காரணமே தெரியாது. டேட்டாபேஸ் வி.எம்.முக்கு ரேமை முழுசாக ஒதுக்கி, பலூனை நிறுத்திவிடுவதுதான் வழி.

நேரம். பக்கத்து வி.எம். ப்ராசஸரைப் பிடித்துக்கொண்டால் நம் வி.எம். காத்திருக்கும். லினக்ஸில் டாப் கட்டளை காட்டும் வரிசையில் கடைசியில் 'எஸ்டி' என்று ஓர் எண் இருக்கும், ஸ்டீல், திருடப்பட்ட நேரம். டேட்டாபேஸ் வி.எம்.மில் அது பூஜ்ஜியத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஓடும் வி.எம்.மை ஒரு சர்வரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது அது கணநேரம் உறையும். டேட்டாபேஸ் பெரிதாகவும் வேலை அதிகமாகவும் இருந்தால் அந்தக் கணம் நீளும். அந்த நேரத்தில் "முதன்மை செத்துப்போச்சு" என்று முடிவுகட்டும் தானியங்கி ஏற்பாடு வைத்திருந்தால், ஸ்டாண்ட்பை பட்டாபிஷேகம் செய்துகொள்ளும், பழைய ராஜாவும் கண்விழிப்பார். இரண்டு பேரேடு. அதைத் திரும்ப ஒன்றாக்குவது நரகம்.

இதோடு ஸ்னாப்ஷாட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பொத்தானில் வி.எம்.மை நேற்றைக்குக் கொண்டுபோகலாம் என்பது பெரிய வசதி. டேட்டாபேஸ் நேற்றைக்குப் போனால் இன்றைய ரசீதுகள் எங்கே போகும் என்பதை பொத்தானை அமுக்குபவர் யோசிக்க வேண்டும். அதை பேக்கப் என்று நினைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் இன்னொரு தவறு ஸ்டாண்ட்பை. உள்ளே நின்று பார்த்தால் இரண்டு சர்வர், இரண்டு ஐபி முகவரி. வெளியே ஒரே பெட்டி, ஒரே யுபிஎஸ், ஒரே மின்பிளக். தனி சர்வர் காலத்தில் இந்தத் தவறு செய்யவே முடியாது, ஏனென்றால் இரண்டாவது சர்வர் கண்ணுக்குத் தெரியும். வி.எம்.மில் 'இரண்டு' என்பது திரையில் ஒரு வரி.

இந்தியாவில் தனி இயந்திரத்தில் டேட்டாவை வைத்து நாம் எல்லோரும் தினம் நம்பியிருக்கும் உதாரணம் ரயில்வே முன்பதிவு. 1985 வாக்கில் டெல்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, டிஜிட்டல் நிறுவனத்தின் வேக்ஸ் இயந்திரங்களில் வளர்ந்தது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் என்று ஐந்து மையங்கள். ரயில்வேயின் கிரிஸ் நிறுவனம் உருவாக்கிய கான்செர்ட் மென்பொருள் 1999-இல் இந்த ஐந்தையும் இணைத்தது. நாகர்கோவில் ஜங்ஷனில் கவுன்டரில் ஃபாரத்தை நீட்டினால் பதில் வருவது சென்னையிலிருந்து. அந்த இயந்திரங்களின் இயங்குதளத்துக்குப் பெயர் வி.எம்.எஸ். அதிலும் 'வி' என்றால் 'விர்ச்சுவல்'தான், மெய்நிகர் நினைவகம். முழு 'நிஜம்' என்று ஒன்று கம்ப்யூட்டரில் அப்போதே இல்லை.

நமக்குப் பக்கத்தில் ஜோஹோவை எடுத்துக்கொள்ளலாம். தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருப்பவர்கள் தங்கள் சேவைகளைச் சொந்த டேட்டா சென்டரில் ஓட்டுகிறார்கள். அடித்தளத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் அளவுக்கு ஆள்பலமும் வியாபாரமும் இருப்பவர்களுக்கு அது சரி. அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் 2022-இல் மேகத்துக்கு மட்டும் 32 லட்சம் டாலர் கட்டியதாகக் கணக்குக் காட்டி, சொந்த சர்வருக்குத் திரும்பியது. எதிர்ப்பக்கம் கிட்லேப். வி.எம்.களில் டிஸ்க் தாமதம் தாங்க முடியவில்லை என்று 2016 நவம்பரில் சொந்த சர்வருக்குப் போகப்போவதாக எழுதினார்கள். நாலு மாசத்தில், 2017 மார்ச்சில், "போகவில்லை" என்று இன்னொரு பதிவு. நடுவில் ஜனவரி 31-ஆம் தேதி ஒரு பொறியாளர் ஸ்டாண்ட்பையில் அழிக்க வேண்டிய டேட்டாபேஸ் கோப்புறையைக் கைதவறி முதன்மையில் அழித்துவிட்டார். பேக்கப்புகள் கைகொடுக்கவில்லை. தற்செயலாக ஆறு மணிநேரம் முன்னால் எடுத்திருந்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் மீட்டது. இவ்வளவையும் ஒளிக்காமல் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த விபத்துக்கும் வி.எம்.முக்கும் சம்பந்தமில்லை, தனி சர்வரிலும் அதே கட்டளை அதே வேலையைத்தான் செய்திருக்கும்.

மேகத்தில் டேட்டாபேஸ் வைத்திருக்கும் எல்லோரும் வி.எம். ஆட்கள்தான் என்பதையும் சொல்ல வேண்டும். அமேசானின் டேட்டாபேஸ் சேவை 2009-இலிருந்து, மும்பை மையம் 2016-இலிருந்து. அங்கே டிஸ்க் என்று தெரிவது பெரும்பாலும் நெட்வொர்க் வழியே வரும் டிஸ்க். அங்கே சங்கிலி இன்னும் நீளம், ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் பார்த்துக்கொள்ள சம்பளம் வாங்கும் ஆள் இருக்கிறார். சின்ன நிறுவனங்களில் அந்த ஆள் நாம்தான். இல்லையென்றால் யாருமில்லை.

தனி சர்வர் பொய் சொல்லாது என்றும் நினைக்க வேண்டாம். விலை குறைந்த டிஸ்குகள் தம் கேஷில் வைத்துக்கொண்டே "எழுதியாச்சு" என்று சொல்லும் பழக்கம் பழையது. ரெய்டு கார்டில் பேட்டரி செத்துப்போய் மாசக்கணக்கில் யாரும் கவனிக்காமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன். லினக்ஸிலேயே ஒரு கதை உண்டு. எஃப்சிங்க் ஒரு முறை தோற்றால் கெர்னல் அந்தப் பக்கங்களைச் 'சுத்தம்' என்று குறித்துவிடலாம், மறுபடி கேட்டால் "எல்லாம் சரி" என்று பதில் வரும். போஸ்ட்கிரெஸ் சுமார் இருபது வருஷமாக மறுபடி கேட்டுக்கொண்டிருந்தது. 2018-இல் இது வெளிச்சத்துக்கு வந்து, 2019 பிப்ரவரி வெளியீடுகளிலிருந்து எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் உடனே தன்னை நிறுத்திக்கொண்டு சிட்டையிலிருந்து மீண்டெழுகிறது. இரும்போ வி.எம்.மோ, அந்த ஓட்டை இரண்டுக்கும் பொது.

ஆகவே நம்பாமல் சோதிக்க வேண்டும். எங்கள் மயிலாடியில் சிற்பி கல்லை வாங்குமுன் உளியாலோ சுத்தியலாலோ தட்டி ஓசை கேட்பார். உள்ளே கீறல் இருந்தால் ஓசை சொல்லிவிடும். டிஸ்குக்கும் அப்படித் தட்டிப்பார்க்கும் கருவி உண்டு. போஸ்ட்கிரெஸோடு வரும் பிஜி_டெஸ்ட்_எஃப்சிங்க் விநாடிக்கு எத்தனை எஃப்சிங்க் முடிகிறது என்று சொல்லும். சுழலும் டிஸ்கில் அது ஆயிரங்களைக் காட்டினால், பேட்டரியுள்ள ரெய்டு கார்டு இருக்க வேண்டும், அல்லது யாரோ பொய் சொல்கிறார்கள். எஸ்எஸ்டியில் இந்தச் சுற்றுக் கணக்கு செல்லாது. அங்கே கரன்ட் போனால் உள்ளிருப்பதை எழுதி முடிக்கக் கபாசிட்டர் வைத்த வகைதானா என்று வாங்கும்போதே பார்க்க வேண்டும். இறுதிச் சோதனை பிளக்கைப் பிடுங்குவது. 2005-இல் லைவ்ஜர்னலின் பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் இதற்கென்றே டிஸ்க்செக்கர் என்ற சின்ன நிரல் எழுதினார். எழுதியதையெல்லாம் இன்னொரு கம்ப்யூட்டரிடம் சொல்லிக்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கி, மறுபடி ஏற்றி, எழுதியதாகச் சொன்னது இருக்கிறதா என்று ஒப்பிடும்.

நாங்கள் தனி சர்வருக்குத் திரும்பவில்லை. ஒக்கி வந்த 2017 நவம்பர் 30-க்குப் பிறகு மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பம் சாய்ந்து கிடந்தபோது, அந்தப் பழைய டவர் சர்வரைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் இருக்கும் இடம் தேடி அலைந்திருக்கிறோம். வி.எம். என்றால் அது ஒரு ஃபைல், தயாராக இருக்கும் இன்னொரு பெட்டியில் எழுப்பலாம். அந்த வசதியை விட மனசில்லை. முதல் வேலையாக கேஷ் முறையை 'கேஷ் இல்லை' என்று மாற்றினோம். டேட்டாபேஸுக்கு ரேமை முழுசாக ஒதுக்கினோம். ஸ்டாண்ட்பையைத் தக்கலைக் கிளையில் வேறொரு பெட்டிக்குக் கொண்டுபோனோம், வேறு யுபிஎஸ், வேறு ஃபீடர். சிட்டைக் கோப்புகள் மூன்றாவது இடத்துக்கும் நகலாகின்றன. ரசீது எண்ணோடு கிளைக் குறியீடும் நேரமும் சேர்த்து அச்சாகிறது. வட்டி போடும் நிரலை நூறு நூறாக கமிட் செய்யும்படி மாற்றலாம்தான். இரண்டு வாரம் அதைத் தொடாமல் விட்டுவைத்தேன், டிஸ்க் என்ன எண் சொல்கிறது என்று தினமும் பார்க்க.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடை மூடியிருக்கும்போது, டிஸ்க்செக்கரை ஓடவிட்டு முதலாளி முன்னாலேயே பிளக்கைப் பிடுங்கினேன். மூன்று முறை. மூன்று முறையும் கணக்கு ஒத்தது. அவருக்கு நெஞ்சு படபடத்திருக்கும், எனக்கும்தான்.

மறுநாள் சாயங்காலம் வட்டி போடும் வேலை ஒரு நிமிஷம் இருபத்தெட்டு விநாடி ஓடியது. "என்ன தம்பி, பழையபடி மெதுவாயிட்டே?" என்றார். டிஸ்க் எத்தனை சுற்று சுத்தும் என்று அவருக்கு விளக்கினேன். கவுன்டரில் அக்கா பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்மணியிடம் கிளையிலிருந்து நேரில் போய் மன்னிப்புக் கேட்டார்கள், நானும் கூடப் போனேன். ரசீதை அவர் பத்திரமாகத் திருப்பி வாங்கி வைத்துக்கொண்டார்.